சீனா திபெத்துக்குத் தன்னாட்சி கொடுத்துவிட்டதே, பிறகு என்ன சிக்கல்?

சுயநிர்ணயம் என்றால், தங்களை யார், எப்படி ஆள வேண்டும் என்பதை ஒரு மக்கள் கூட்டமே முடிவு செய்வது. சிறுபான்மையினர் உரிமை அதைவிடச் சிறியது: நாடு மாறாது, அதற்குள் மொழிக்கும் மதத்துக்கும் பாதுகாப்பு. திபெத் பற்றிய பேச்சில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

13ஆம் நூற்றாண்டில் சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் மரபின் ஆட்சி முதலே திபெத் தன் பகுதி என்கிறது சீனா. 1913 முதல் தனி நாடாகவே இயங்கினோம் என்கிறார்கள் நாடு கடந்து வாழும் திபெத்தியர்கள். 1950இல் சீனப் படை நுழைந்தது. 1959 கிளர்ச்சியின்போது தலாய் லாமா இந்தியா வந்துவிட்டார்.

1965இல் 'திபெத் தன்னாட்சிப் பகுதி' அமைந்தது. அதன் அரசுத் தலைவர் திபெத்தியராகத்தான் இருக்க வேண்டும், சட்டமே அப்படி. ஆனால் நிஜ அதிகாரம் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரிடம். அந்த நாற்காலியில் இதுவரை ஒரு திபெத்தியர்கூட உட்கார்ந்ததில்லை. வாசலில் உங்கள் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து மட்டும் வேறொருவர் இடுப்பில்! எனக்குத் தெரிந்து சண்டையின் மூலமே இதுதான். போதாக்குறைக்கு, திபெத்தியர்களில் பெரும் பகுதியினர் இந்தத் தன்னாட்சிப் பகுதிக்கு வெளியே, சிங்ஹாய், சிச்சுவான் போன்ற பக்கத்து மாகாணங்களில் வாழ்கிறார்கள்.

தலாய் லாமா தனிநாடு கேட்கிறார் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1988இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பேசியதிலிருந்து அவர் கேட்டுவருவது, சீனாவோடு இணைந்திருந்தபடியே உண்மையான தன்னாட்சி.