பி.எட். கல்லூரி நல்ல ஆசிரியரை உருவாக்குகிறதா என்பதை எதை வைத்து அளப்பது?

கேள்வி கேட்டவர், கல்லூரிவாரியாக டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி விகிதத்தை வெளியிட்டாலே எது நல்ல கல்லூரி என்று தெரிந்துவிடாதா என்கிறார். தெரியாது. நான் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், டீச்சிங் பிராக்டிஸுக்கு வரும் பி.எட். மாணவர்களை வருடா வருடம் என் வகுப்பில் நிற்கவைத்துப் பார்க்கிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் டெட் கதை. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தது. 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள், தேறியவர்கள் 2,448 பேர். ஒரு சதவீதம்கூட இல்லை. பி.எட். கல்லூரி எல்லாமே குப்பை என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. அதே வருடம் அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள், நேரத்தை மூன்று மணி ஆக்கினார்கள், தேறியவர்கள் பல மடங்கு கூடிவிட்டார்கள். எழுதியவர்களில் பலர் எப்போதோ படித்து முடித்தவர்கள், மூன்று மாதத்தில் அவர்களுடைய கல்லூரி ஒன்றும் திருந்திவிடவில்லை. 2014-ல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 90-லிருந்து 82 ஆகக் குறைத்தபோதும் இதேதான், ஏற்கெனவே தேர்வெழுதி முடித்திருந்தவர்கள் பலர் ஒரே அரசாணையில் தேறினார்கள். நேரத்தை மாற்றினாலும் கட்-ஆஃபை மாற்றினாலும் இப்படி ஆடுகிற ஒரு எண்ணை வைத்துக் கல்லூரிக்குத் தரம் போடுவது எப்படிச் சரியாகும்? போதாததற்கு, தேர்வெழுதுகிறவர் தேறியது கோச்சிங் சென்டரால் இருக்கலாம், இளங்கலையில் நன்றாகப் படித்ததால் இருக்கலாம். அவர் பாடம் நடத்துவதை டெட்டில் யாரும் பார்ப்பதில்லை.

சரி, அங்கீகாரமும் ஆய்வும் இருக்கிறதே என்பீர்கள். அவை அளப்பதெல்லாம் கட்டடம், நூலகம், ஆய்வகம், ஆசிரியர் எண்ணிக்கை. வருடத்துக்கு 100 பேரைச் சேர்க்கும் பி.எட். கல்லூரியில் 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது என்.சி.டி.இ.யின் (தேசிய ஆசிரியர் கல்வி மன்றம்) 2014 விதி. தாளில் 16 பேர் இருப்பார்கள். தாளில் இருப்பது எப்படி என்பதற்கு 2024-ல் பொறியியல் கல்லூரிகளில் வெடித்த விவகாரமே போதும், ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கில் இருந்தார். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் அமைப்பின் குழுவையாவது நம்பலாம் என்றால், 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஆய்வுக்குப் போன குழுவினரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. ஆசிரியர் கல்வியை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-லேயே பி.எட். கல்லூரிகளின் நிலையைப் பற்றி எழுதிவிட்டது. அதை எடுத்துக்காட்டித்தான் 2020 தேசியக் கல்விக் கொள்கை, தனித்து நடக்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை காசுக்குப் பட்டம் விற்கின்றன என்று பச்சையாகவே சொல்கிறது.

அப்படியானால் விளைவையே அளந்துவிடலாமே, இந்தக் கல்லூரியில் படித்த ஆசிரியரிடம் பயிலும் பிள்ளைகள் எவ்வளவு மார்க் எடுக்கிறார்கள் என்று? கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்காவில் இதைச் செய்தே பார்த்தார்கள். லூசியானாவும் டென்னஸியும் முன்னோடிகள். பிள்ளைகளின் மதிப்பெண் வளர்ச்சியை ஆசிரியரோடும், ஆசிரியரை அவர் படித்த கல்லூரியோடும் கோத்து அறிக்கை போட்டார்கள். 2016-ல் ஒபாமா அரசு இதை நாடு முழுக்க விதியாக்கியது, அடுத்த வருடமே அந்த நாட்டு நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அரசியலை விடுங்கள், கணக்கே இடித்தது. டெக்சாஸ், புளோரிடா, லூசியானா, நியூயார்க் நகரம் உட்பட ஆறு இடங்களின் தரவை 2018-ல் ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் தற்செயல் ஏற்ற இறக்கம் என்று தெரிந்தது. ஒரு கல்லூரியிலிருந்து வரும் ஆசிரியர்கள் கொஞ்சம் பேர், அவர்கள் போய்ச் சேரும் பள்ளிகளோ தலைகீழ் வித்தியாசம். ஒரே கல்லூரியில் படித்த ஆசிரியர்களுக்குள் இருக்கும் வித்தியாசம், கல்லூரிகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிது.

நம் ஊரில் இது இன்னும் சிக்கல். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற கணினிப் பதிவில் ஆசிரியர், மாணவர் எல்லாருக்கும் எண் இருக்கிறது, கோத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பி.எட். முடித்தவுடன் அரசு வேலைக்கு வருகிறவர் யார்? பத்து வருடம் மெட்ரிக் பள்ளியில் கொடுக்கிற சம்பளத்துக்கு மாரடித்து, நடுவில் டியூஷன், பிரசவம், டெட், மறுபடி டெட் என்று அலைந்து அப்புறம் உள்ளே வருகிறார். அவர் கையில் இருக்கும் திறமையில் கல்லூரி கொடுத்தது எவ்வளவு, அந்தப் பத்து வருடம் கொடுத்தது எவ்வளவு என்று எந்தப் புள்ளியியல்காரராலும் பிரிக்க முடியாது.

என்னைக் கேட்டால், நம்பி அளக்கக்கூடியது பி.எட். மாணவர் பயிற்சிக்காகப் பள்ளியில் கழிக்கும் வாரங்களைத்தான். 2015-லிருந்து பி.எட். இரண்டு வருடம். அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதிலும் 16 வாரம் இரண்டாம் வருடத்தில். அங்கே என்ன நடக்கிறது? முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதியோடு, பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு வருவார்கள். கையில் ரெக்கார்டு நோட்டு, சார்ட், கட்டம் போட்ட லெசன் பிளான். ஆசிரியர் இல்லாத வகுப்புக்கெல்லாம் எச்.எம். இவர்களை அனுப்பிவிடுவார் (ஆள் பற்றாக்குறை, அவரையும் குறை சொல்ல முடியாது). கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு ஒருவர் வருவார், வகுப்புக்குள் போகாமலே ஸ்டாஃப் ரூமில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார். பிராக்டிக்கல் அன்றைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் (எக்ஸ்டெர்னல்) பார்ப்பதும் ரெக்கார்டின் அட்டையையும் ஓவியத்தையும்தான். அந்த ரெக்கார்டையும் காசு கொடுத்து எழுதி வாங்கலாம்.

இதற்கு நடுவில் ஒரு பெண் ஆறாம் வகுப்பில் பின்னம் எடுத்ததைச் சொல்ல வேண்டும். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டார். ஒரு பையன் எழுந்து ஐந்தில் இரண்டு என்றான், மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டான். வழக்கமாக வருகிறவர்கள் "தப்பு, உட்காரு" என்பார்கள். இவர், "ஐந்தில் இரண்டு பாதியை விடப் பெரிசா, சின்னதா?" என்றார். பையன் யோசித்துச் சின்னது என்றான். "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியை விடக் குறையுமா?" என்றார். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இது எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறவில்லை, கல்லூரியிலிருந்து வந்தவர் அன்றைக்கு வகுப்புப் பக்கமே வரவில்லை.

ஆக, நான் அளப்பதாக இருந்தால், ஒரு மாணவருடைய எத்தனை பாடவேளைகளை யாராவது முழுசாக உட்கார்ந்து பார்த்தார்கள், பார்த்து என்ன எழுதிக் கொடுத்தார்கள், அடுத்த வகுப்பில் என்ன மாறியது என்பதைத்தான் முதலில் கேட்பேன். முதல் மாதமும் கடைசி மாதமும் ஒவ்வொரு வீடியோ, அதை வேறு கல்லூரிக்காரர் பார்க்கட்டும். இதிலும் ஓட்டை உண்டு. அமெரிக்காவில் எட்டிபிஏ (edTPA) என்ற ஆசிரியர் தகுதி மதிப்பீட்டில் 300 டாலர் கட்டணம் வாங்கி வகுப்பு வீடியோவும் விளக்கக் கட்டுரையும் கேட்டார்கள், கடைசியில் கட்டுரை நன்றாக எழுதுகிறவர் ஜெயிக்கிற தேர்வாகிவிட்டது என்ற புகார்தான் மிச்சம். ஜார்ஜியா 2020-ல் கைவிட்டது, நியூயார்க் 2022-ல். அதனால் கட்டுரை வேண்டாம், வகுப்பை மட்டும் பாருங்கள்.

எந்தப் பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. நியூயார்க் நகரத்தில் செய்த ஓர் ஆய்வில், ஆசிரியர்கள் விட்டுப் போகாமல் நிலைத்து நிற்கும் பள்ளிகளில் பயிற்சி எடுத்தவர்கள் பின்னால் வேலையிலும் நிலைத்தார்கள், பிள்ளைகளும் கூடுதலாகக் கற்றார்கள். இங்கே பஸ் வசதிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. அப்புறம் வேலைக்குப் போன முதல் வருட முடிவில் அந்தப் பள்ளி எச்.எம்.மிடமும், அந்த ஆசிரியரிடமும் நாலு கேள்வி. தனியார் பள்ளியானாலும் கேட்க வேண்டும், முதல் வேலை பெரும்பாலும் அங்கேதான். மூன்று வருடப் பதிலைச் சேர்த்துப் பார்த்தால் போதும். ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அறுநூற்றுச் சொச்சம் கல்லூரிகளுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ரேங்க் போடவே வேண்டாம். அடியில் கிடப்பவற்றைக் கண்டுபிடிக்க இதுவே தாராளம்.

கல்லூரி தேடித்தான் இதைக் கேட்டீர்கள் என்றால், ஒரு சாதாரண வேலை நாளில் மதியம் மூன்று மணிக்கு நேரில் போய், இரண்டாம் வருட மாணவர் யாரையாவது பிடித்து, உங்கள் பாடத்தை முழுசாகப் பார்த்தது யார், என்ன சொன்னார் என்று கேளுங்கள். மாணவர் யாருமே கண்ணில் படாமல், ஆபீஸில் இருப்பவர் "ரெகுலரா வரணும்னு இல்ல சார், எக்ஸாமுக்கு வந்தா போதும்" என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். அந்த வசதிக்குத் தனி ரேட்டும் வைத்திருப்பார்கள்.