வாசகர் கேள்வி - பதில்: புக்கிட் சண்டுவில் லெப்டினன்ட் அட்னான்

கே: பஞ்சாப் படையினர்போல் தலைப்பாகை கட்டி வந்த ஜப்பானியரை லெப்டினன்ட் அட்னான் சாய்டி எப்படி அடையாளம் கண்டார்? (ஈசூன் வாசகி)

ப: அவர்களின் அணிவகுப்பே காட்டிக்கொடுத்தது. அன்றைய பிரிட்டிஷ், இந்தியப் படைகள் வரிசைக்கு மூவராக நடக்கும். ஜப்பானியர் சிங்கப்பூரைத் தாக்கிய போரில், 1942 பிப்ரவரி 14 அன்று பாசிர் பாஞ்சாங் மேட்டிலுள்ள புக்கிட் சண்டுவை நோக்கி வந்தவர்கள் நால்வராக வந்தார்கள். சீருடையை மாற்றினார்களே தவிர, பழகிய நடையை மாற்றவில்லை. அட்னான் 1933இல், மலாய்க்காரர்களுக்கான பிரிட்டிஷ் படைப்பிரிவான மலாய் ரெஜிமென்டில் சேர்ந்தவர். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் சென்ற அணியில் இருந்தவர். பயிற்சித் திடலிலேயே வளர்ந்த கண்ணுக்கு வரிசையில் ஓர் ஆள் கூடினாலும் தெரிந்துவிடும்.

அவர்களை நெருங்கவிட்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளால் சுடச் சொன்னார். ஏறத்தாழ 20 பேர் விழுந்தார்கள். இந்தத் துப்பாக்கியின் வட்டத் தட்டில் 47 தோட்டாக்கள்தான். விசையை விடாமல் அழுத்தினால் ஐந்து விநாடியில் தீர்ந்துவிடும். ஆகவே விட்டுவிட்டுச் சுட வேண்டும், பக்கத்தில் ஒருவர் அடுத்த தட்டுடன் தயாராக இருக்க வேண்டும். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஜப்பானியர் பெருந்திரளாக வந்தபோது தோட்டா தீர்ந்தது, கையெறி குண்டும் தீர்ந்தது. பிறகு துப்பாக்கிமுனைக் கத்திதான். படுகாயத்துடன் பிடிபட்ட அட்னானை ஜப்பானியர் குத்திக் கொன்றார்கள். 1915இல் பிறந்தவர், முப்பதைக்கூட எட்டவில்லை.

கே: அவர்கள் பின்வாங்கியிருக்கலாமே? (பிடோக் வாசகர்)

ப: வழி இல்லை. நார்மன்டன் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் பெரிய கால்வாயில் எரிந்துகொண்டே ஓடியது. அது அட்னானின் ‘சி’ கம்பெனியை ‘டி’ கம்பெனியிடமிருந்து பிரித்தது, தெற்கே போகும் பாதையையும் அடைத்தது. மேட்டுக்கு அப்பால் அலெக்சாண்ட்ராவின் வெடிமருந்துக் கிடங்கும் ராணுவ மருத்துவமனையும் இருந்தன. அதே நாளில் மருத்துவமனைக்குள் நுழைந்த ஜப்பானியர் நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றார்கள். அந்த மேடு எதைக் காத்து நின்றது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

கே: கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறையைத் தேடினோம், கிடைக்கவில்லை. (செங்காங் குடும்பம்)

ப: அவருக்குக் கல்லறை கிடையாது. புதைத்த இடம் தெரியாதவர்கள் 24,000 பேருக்கு மேல். அவர்கள் பெயர்கள் கல்லறை வரிசைகளுக்கு மேலே, குன்றின் உச்சியிலுள்ள நினைவகச் சுவர்களில் இருக்கின்றன. முதலில் ரெஜிமென்ட், அடுத்துப் பதவி, பிறகு அகரவரிசை. மலாய்ப் பெயரில் தந்தை பெயர் பின்னால் வரும் என்பதால் ‘சாய்டி’ என்று தேடாதீர்கள், ‘அட்னான்’ என்று தேடுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் சுவர்ப்பகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

அந்த நினைவகத்துக்குப் பின்புறமும் போய்ப் பாருங்கள். சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 வீரர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. பெரும்பாலோர் இந்தியப் படையினர். பலர் அங்கே எட்டிப்பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இந்தப் போரை நினைவுகூரும் புக்கிட் சண்டு நினைவு இல்லம் பெப்பிஸ் சாலையில் இருக்கிறது. பாசிர் பாஞ்சாங் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கலாம். ஆனால் செங்குத்தான ஏற்றம், பெரியவர்களை டாக்சியில் அழைத்துச் செல்லுங்கள்.