ராத்திரி ஷிஃப்ட்டில் மகள்: வேலையை விடச் சொல்லலாமா?

வணக்கம் அம்மா. ஐ.டி. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன உங்கள் மகள் போனில் அழுகிறாள், ராஜினாமா செய்யச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவளை வாட்டுவது எது என்று முதலில் தெரியட்டும்.

சப்போர்ட் புராஜெக்ட், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் வரும் கோளாறுகளைச் சரிசெய்யும் வேலை, அமெரிக்க கிளையன்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஷிஃப்ட் முடிந்து சோழிங்கநல்லூர் பிஜி விடுதிக்கு வந்து படுக்க விடிகாலை நாலரை, ஐந்து ஆகிவிடும். ஏழு மணிக்கு அறைத் தோழி எழுந்து ஹேர் டிரையர் போடுவாள். இவள் எழும்போது மெஸ்ஸில் டிபன் முடிந்திருக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் யாருக்குத்தான் அழுகை வராது? என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்கு வேலையை விடத் தூக்கம்தான் பெரிய பிரச்சினை. அதே ஷிஃப்ட்டில் இருக்கும் பெண்ணோடு அறை மாறுவது, ஜன்னலுக்குக் கனமான திரை போடுவது, ஷிஃப்ட்டை மாற்றி மாற்றித் தரும்படி டீம் லீடிடம் மெயிலில் கேட்பது, இவற்றை இந்த வாரமே செய்யலாம்.

வேலை புரியாத பயமும் இருக்கும். யாரோ எப்போதோ எழுதிய புரோகிராம் கோடு, அதில் கோளாறு என்று ஒரு டிக்கெட் (புகார்), அதை முடிக்கச் சொல்லிப் பக்கத்தில் ஓடும் கடிகாரம். இது பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும்.

ஆனால் எல்லார் முன்னாலும் திட்டித் தீர்க்கும் லீட் என்றால் தானாகச் சரியாகாது. தேதியோடு குறித்து வைத்து மேனேஜரிடமும், அப்புறம் எச்.ஆரிடமும் போக வேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, அல்லது 'இருந்து என்ன பிரயோஜனம்' என்று ஒரே ஒரு தடவை சொன்னாலும், உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 'கல்யாணத்துக்குப் பாதிப்பு வரும்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்து பாண்ட் விஷயம், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது. 'அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று பக்கத்து வீட்டார் சொல்வதை நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அதற்காகக் காகிதத்தில் போட்ட தொகை எதுவானாலும் கட்டியே தீர வேண்டும் என்றும் இல்லை. நியாயமான தொகையா என்று நீதிமன்றம் பார்க்கும். எப்படியானாலும் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. முறைப்படி விலகியதற்குக் கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த கம்பெனியில் திண்டாடுவாள்.

அவள் தூங்கி எழுந்த பிறகு, மதியம் இரண்டு மணி வாக்கில் பேசுங்கள். இன்கிரிமென்ட், சித்தப்பா பையன் சம்பளம் இரண்டும் வேண்டாம். 'நேற்று எத்தனை மணிக்குப் படுத்தே? யாரோட சாப்பிட்டே?' என்று ஆரம்பியுங்கள். ஆஃபர் லெட்டரையும் பாண்ட் பக்கங்களையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை கம்பெனியில் கொடுத்திருக்கிறாளா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.