கேள்வி-பதில்: உரிமையாளர் வெளிநாட்டில், வண்டி கேட்டுக்குள்

கேள்வி: டொயோட்டா ஹையஸ் வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மோட்டார்ஹோமாக மாற்றியிருக்கிறேன். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கத்தாருக்கு வேலைக்குப் போகிறேன். வண்டி புக்கிட் மெர்தாஜாமில் தம்பி வீட்டுக் காம்பவுண்டில் நிற்கும். ஓடாத வண்டிக்குச் சாலை வரியும் காப்புறுதியும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது. ஆனால் சாலை வரி இல்லாமலே காப்புறுதி வைத்துக்கொள்ளலாம். வெளிநாடு போகிற பலருக்கு இந்த வழி தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்து விட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டுக்குள் நிற்கும் வண்டிக்கும் தீப்பிடிக்கும், திருடன் வருவான், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்.

சாலை வரியை விட்டாலும் காப்புறுதியை விடாதீர்கள். முழுக் காப்புறுதி கையைக் கடித்தால், மூன்றாம் தரப்பு (பிறருக்கு நேரும் சேதம்), தீ, திருட்டு மூன்றுக்கும் மட்டுமான பாலிசி எடுக்கலாம், கட்டணம் குறையும். ஆனால் அதில் வெள்ளம் சேராது. முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் தானாக வராது, சிறப்பு அபாய இணைப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளை மறந்திருக்க மாட்டீர்கள். தம்பி வீடு தாழ்வான இடத்தில் இருந்தால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வங்கிக் கடன் பாக்கியிருந்தால் முழுக் காப்புறுதியைக் குறைக்க வங்கி சம்மதிக்காது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை நடுவில் ரத்து செய்து பணம் வாங்கலாம் என்று நினைத்தால், கணக்கு நாள்வீதம் போகாது. வழக்கமான குறுகிய காலக் கட்டண அட்டவணைப்படி 2 மாதம் ஓடியிருந்தால் 62.5%, 4 மாதம் என்றால் 37.5%, 6 மாதம் என்றால் 25% திரும்பும். 8 மாதம் தாண்டினால் ஒரு காசும் வராது. ரத்து செய்யாமல் முடியும்வரை விட்டுவிடுவது பல நேரம் லாபம். பாலிசி இல்லாத ஆண்டு என்சிடி (கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான கட்டணத் தள்ளுபடி) ஏணியில் கணக்கில் சேராது என்பதையும் பாருங்கள். தனியார் காருக்கு அந்த ஏணி 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு.

உங்கள் வண்டியில் பெரிய சிக்கல் வேறு. கெரானை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) எடுத்து 'ஜெனிஸ் பாடான்', அதாவது உடல் வகை, என்ற வரியைப் படியுங்கள். அங்கே இன்னும் வேன் என்றிருந்து, உள்ளே கட்டில் இருந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யின் அனுமதி பெறாத மாற்றம் அது. காப்புறுதி நிறுவனமும் அதை வேனாகவே மதிப்பிட்டிருக்கும். அப்போது நீங்கள் பணம் கொட்டிய மரவேலைக்கும் குளிர்பெட்டிக்கும் சூரியத் தகட்டுக்கும் இழப்பீடு கிடையாது. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டது தெரிந்தால், முழுக் கோரிக்கையையே மறுக்கவும் அவர்களுக்கு இடமுண்டு. காப்புறுதித் தொகை சந்தை விலையில் 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், நஷ்டத்தில் ஒரு பங்கை நீங்களே சுமக்க வேண்டிவரும்.

ஆகவே விமானம் ஏறுமுன் மாற்றத்துக்கு ஜேபிஜே ஒப்புதல் வாங்கி, கெரானைத் திருத்தி, பாலிசியில் துணைப்பொருட்களின் பட்டியலை விலையோடு சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் போனால் திரும்பி வரும்போதுதான் வலிக்கும். நெடுநாள் சாலை வரி இல்லாத வண்டியை மறுபடி ஓட்ட, முதலில் வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பரிசோதனை கேட்கப்படலாம். அங்கே மாற்றம் கண்ணில் பட்டால் சாலை வரியும் கிடைக்காது. வண்டியை அங்கே கொண்டுபோகவும் லாரிதான் பிடிக்க வேண்டும்.

தம்பி 'சும்மா ஒரு ரவுண்டு' ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவார். சாலை வரி இல்லாமல் வாசல் தாண்டினாலே குற்றம். காப்புறுதியும் இல்லையென்றால் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 90-ஆம் பிரிவின்படி 1,000 ரிங்கிட் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்ட அனுமதித்தவரும் அதே பிரிவில் மாட்டுவார். சாலை வரியும் காப்புறுதியும் இருந்து, பாலிசியில் பெயர் சேர்க்காத ஒருவர் ஓட்டி விபத்தானால், தனியார் கார் பாலிசியில் முதல் 400 ரிங்கிட் உங்கள் பையிலிருந்து போகும். தாமான் தெரு ஓரமும் சாலைதான். காம்பவுண்டில் இடம் பற்றாது என்று வெளியே நிறுத்துவதாக இருந்தால் இரண்டும் கட்டாயம்.

கேள்வி: கணவரும் நானும் ஆண்டுக்கு நான்கு மாதம் பிரிட்டனில் மோட்டார்ஹோமில் சுற்றிவிட்டு ஜார்ஜ்டவுன் திரும்புகிறோம். வண்டி அங்கே ஒரு தனியார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. மீதி எட்டு மாதத்துக்கு வரியும் காப்புறுதியும் வீணாகிறதே?
- பினாங்கு வாசகி

பதில்: வீணாக்க வேண்டாம் அம்மா. பிரிட்டனில் இதற்கென்றே சோர்ன் அறிவிப்பு இருக்கிறது. வண்டி சாலையில் இல்லை என்று அந்நாட்டு வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ-விடம் பதிவதுதான் அது. கட்டணம் இல்லை. வி5சி பதிவுப் புத்தகத்தின் 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் அன்றே அமலுக்கு வரும். வரி நினைவூட்டுக் கடிதத்தின் 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்த மாத முதல் தேதியிலிருந்து. முழுதாக மீந்த மாதங்களின் வரி திரும்ப வரும், மறுபடி வரி கட்டியதும் சோர்ன் தானாக ரத்தாகும்.

சோர்ன் போடாமல் காப்புறுதியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வண்டி அசையாமல் நின்றாலும், காப்புறுதி இல்லாத பதிவுக்கு 100 பவுண்டு அபராதக் கடிதம் வரும். அது வி5சி-யில் உள்ள முகவரிக்குப் போகும். அங்கே உங்களுக்காகக் கடிதம் பிரித்துப் படிக்கும் ஆள் இல்லையென்றால், விஷயம் நீதிமன்றம் போன பிறகுதான் தெரியவரும். நம்பகமான உறவினர் முகவரி இல்லாமல் இந்த ஏற்பாடே வேண்டாம்.

சோர்னில் காப்புறுதி கட்டாயமில்லை. ஆனாலும் தீக்கும் திருட்டுக்கும் நிறுத்திவைத்த வண்டிக்கான பாலிசி எடுங்கள். வாங்கும்போதே 'நாங்கள் ஆண்டில் எட்டு மாதம் மலேசியாவில் இருப்போம்' என்று எழுத்தில் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் பிரிட்டனில் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கு மட்டுமே தரும். மறைத்தால் கோரிக்கை நேரத்தில் கைவிரிப்பார்கள். சோர்னில் இருக்கும் வண்டி, முன்பதிவு செய்த எம்ஓடி எனும் வண்டித் தகுதிச் சோதனைக்கு மட்டும் சாலையில் போகலாம், அன்றும் காப்புறுதி வேண்டும். 12 மாதத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே வைத்திருந்தால் நிரந்தர ஏற்றுமதி என்று அறிவிக்க வேண்டும்.

கேள்வி: ஆறு மாதம் கழித்து வந்தால் எப்போதும் பேட்டரி செத்திருக்கிறது. ஏன்?
- செந்தூல் வாசகர்

பதில்: அலாரமும் டிராக்கரும் தூங்குவதில்லை. இரண்டும் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மாதம் முடியுமுன் காலி. காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையைக் கழற்றிவையுங்கள், அல்லது நிழல் விழாத இடத்தில் சிறு சூரியத் தகடும் கட்டுப்படுத்தியும் மாட்டுங்கள். அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.1-க்குக் கீழே போனால் ஆபத்து. கூடவே தண்ணீர்த் தொட்டியை வடித்து, குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்து, கேஸ் உருளையை வெளியே எடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பிரேக் ஒட்டிக்கொள்ளாது. எலி வயரைக் கடித்தால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது, மாதம் ஒருமுறை யாராவது பானெட்டைத் திறந்து பார்க்கட்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும்போது என் லைசென்ஸ் காலாவதியானால்?
- கிள்ளான் வாசகர்

பதில்: மூன்று ஆண்டுக்குள் புதுப்பித்துவிடுங்கள். அதைத் தாண்டினால் எல் லைசென்ஸிலிருந்து தொடங்கி மறுபடி தேர்வு எழுத வேண்டும். ஆண்டுக்கு 30 ரிங்கிட்தான், பயணத்துக்கு முன் பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம்.