எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா? கேள்வி பதில்

கேள்வி: வயது 35, எடை 70 கிலோ, உயரம் 160 செ.மீ., பெண். எடை குறைக்க நாளைக்கு 1,240 கலோரி என்று ஆப் சொல்கிறது. ஒரு மணி நேரம் நடந்து வந்தால் “இன்னும் 310 சாப்பிடலாம்” என்கிறது. சாப்பிடவா?

பதில்: அந்த 1,240 எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஓய்வில் உடம்பு செலவழிக்கும் கலோரியைக் கணிக்கும் மிஃப்ளின் சூத்திரத்தில் எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் 5 மடங்கையும், பெண் என்பதால் 161-ஐயும் கழிக்க வேண்டும். 700 + 1,000 − 175 − 161 = 1,364. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு இவ்வளவு செலவழிக்கும். உட்கார்ந்த வேலை என்று 1.2-ஆல் பெருக்கினால் 1,637. அதில் சுமார் 400-ஐக் குறைத்துத்தான் ஆப் உங்களிடம் 1,240-ஐ நீட்டியிருக்கிறது. நடை இதில் சேரவில்லை. ஆகவே கொஞ்சம் சாப்பிடலாம், 310 அல்ல. மணிக்கு 5 கி.மீ. நடைக்குக் கிலோவுக்கு மணிக்குச் சுமார் 3.5 கலோரி ஆகும், உங்களுக்கு 245. அந்த ஒரு மணி நேரம் சும்மா இருந்திருந்தாலும் 70 போயிருக்கும், அது 1,637-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சம் 175. “காட்டுவதில் பாதி” என்று பலரும் சொல்வது இதனால்தான் ஓரளவு பொருந்துகிறது.

கேள்வி: நான் ஆப்பில் “மிதமான உடற்பயிற்சி” என்று தேர்ந்தெடுத்தேன். வாட்ச்சும் தன் பங்குக்குக் கலோரி சேர்க்கிறது.

பதில்: வாட்ச் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஒரே செலவு இரண்டு முறை வரவாகிறது. மிதமான என்றால் பெருக்குவது 1.55-ஆல். மேலே உள்ளவருக்கு அது ஒன்றே நாளைக்கு 477 கலோரியைக் கூட்டிவிடும், பயிற்சி இல்லாத நாளிலும். எடை குறையாமல் நிற்பவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்தத் தவறைத்தான்.

கேள்வி: வாட்ச் அவ்வளவு மோசமா?

பதில்: இதயத் துடிப்புக்குப் பரவாயில்லை. கலோரிக்கு நம்பாதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கையில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தது. கலோரியில் ஆகச் சிறந்ததே சராசரியாக 27% பிசகியது, மோசமானது 93%. வெயில், காபி, பதற்றம் எல்லாமே துடிப்பை ஏற்றும். வாட்ச்சுக்கு எல்லாம் உழைப்புதான். ட்ரெட்மில்லிலும் எடையைப் பதியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் காட்டும் எண் வெறும் அலங்காரம்.

கேள்வி: எடை தூக்கும் பயிற்சி, 45 நிமிடம். எவ்வளவு சேர்க்க?

பதில்: ஒன்றும் வேண்டாம். செட்டுக்கு நடுவே ஓய்வுதான் அதிகம். புரதத்தை மட்டும் உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்குச் சுமார் 1.6 கிராம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 60 கிலோ எடை. வாரக் கடைசியில் 15 கி.மீ. ஓடுகிறேன். அன்றும் பாதிதானா?

பதில்: இல்லை. ஓட்டத்துக்குக் கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி, 900 போகிறது. தூரம் சரியாகத் தெரிவதால் இந்த எண் வாட்ச்சைவிட நம்பகமானது. பெரும்பகுதியைச் சாப்பிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால், ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுங்கள். அதுவும் கணக்கில் சேரும். மிச்சத்தை அன்றும் மறுநாளும் பிரித்துக்கொள்ளலாம்.

சாப்பிடாமல் விட்டால்? கொழுப்பு நீங்கலான உடல் எடை 45 கிலோ, உணவு 1,500, பயிற்சிச் செலவு 600 என்றால் உடம்பை நடத்த மிஞ்சுவது 900. கிலோவுக்கு 20. நெடுநாள் 30-க்குக் கீழே இருப்பது ஆபத்து. மாதவிடாய் தள்ளிப்போகும், எப்போதும் குளிரும், எலும்பில் விரிசல் விழலாம்.

கேள்வி: பாதி விதிப்படி பத்து நாள். எடை ஏறியிருக்கிறது!

பதில்: புதிதாகப் பயிற்சி தொடங்கினால் தசை கிளைக்கோஜனை (சேமிப்பு மாவுச்சத்து) சேர்க்கும், 1 கிராமோடு ஏறக்குறைய 3 கிராம் நீரும் சேரும். பத்து நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள். தினமும் காலையில் எடை பார்த்து, வாரச் சராசரியை நான்கு வாரம் ஒப்பிடுங்கள். நாளைக்கு 400 குறைத்தால் 28 நாளில் 11,200; ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 என்றால் சுமார் 1.4 கிலோ இறங்கியிருக்க வேண்டும். 0.7 மட்டும் இறங்கினால் எங்கோ நாளைக்கு 200 கூடுதலாகப் போகிறது. திரும்பச் சாப்பிடுவதிலிருந்து முதலில் குறையுங்கள். 2.5 கிலோ இறங்கினால் கூட்டுங்கள்.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். நடந்ததும் சர்க்கரை 65-க்கு இறங்குகிறது. அதற்குச் சாப்பிடுவதும் இந்தக் கணக்கிலா?

பதில்: அது மருந்து, கணக்குப் பார்க்காதீர்கள். உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு 15 கிராம். அடிக்கடி இப்படி ஆனால் உணவைக் கூட்டிக்கொண்டே போகாமல், பயிற்சி நாளுக்கு இன்சுலின் அளவை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.