ஸ்டில்ட் பார்க்கிங்கில் மின்சார கார்: 15 ஆம்ப்ஸ் லைனே போதும்

கேள்வி: வேளச்சேரியில் 24 வீடுகள் உள்ள பழைய அடுக்ககம். நாங்கள் மூன்றாவது மாடி, பார்க்கிங் கீழே. தினமும் சிறுசேரி போய்வர 45 கி.மீ. ஆகிறது. மின்சார கார் வாங்கினால் 7.2 கிலோவாட் சார்ஜர் பொருத்த வேண்டுமா? தீப்பிடிக்கும் என்று அசோசியேஷன் தயங்குகிறது.

பதில்: பெரிய சார்ஜர் உங்களுக்குத் தேவையில்லை. யூனிட்டுக்கு 6, 7 கி.மீ. என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 7 யூனிட் போதும். 15 ஆம்ப்ஸ் பிளக்கில் செருகும் சார்ஜர் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏற்றும். இரவு பத்து மணிக்குச் செருகினால் ஒரு மணிக்குள் முடிந்துவிடும்.

மீட்டர் பெட்டி பெரும்பாலும் கீழேயே இருக்கும். அங்கே உங்கள் மீட்டரில் இருந்தே தனி லைன் இழுங்கள். பொது மீட்டரைத் தொட்டால் சண்டைதான் வரும். 20 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), 4 சதுர மி.மீ. செம்பு வயர் போடச் சொல்லுங்கள். தூரம் 50 மீட்டரை நெருங்கினால் 6 சதுர மி.மீ. நல்லது.

அசோசியேஷனின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் சூடாவது சாக்கெட்தான். கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் மணிக்கணக்காக முழு கரண்ட் இழுக்கும். அதனால் நீண்ட நேர லோடைத் தாங்கும் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் வாங்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ இணைப்பு லூஸ். உடனே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

இதைவிட முக்கியம் எர்த். பழைய கட்டடங்களில் எர்த் சரியாக இருக்காது. சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அப்போது சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். விளக்கு பச்சையாகும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே கரண்ட் பாயும். ஈரத் தரையில் நின்று குழந்தை கதவைத் தொட்டால் என்ன ஆகும்? தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். செலவானாலும் புது எர்த் பிட் (எர்த் கம்பியை நிலத்தில் புதைக்கும் குழி) போடுங்கள்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாத பில்லில் சுமார் 300 யூனிட் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி காருக்கென்று தனி இணைப்பு கேட்கலாம். இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். இதே இணைப்பில் ஓட்டுவதானால், ஏ.சி.யும் காரும் சேர்ந்து ஓடும் இரவு நேர லோடைக் கணக்கிட்டு, தேவையானால் மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பியுங்கள்.

சாக்கெட்டை எந்த உயரத்தில் வைப்பது என்று 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை நேரில் பார்த்த அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.