கேள்வி-பதில்: செய்திக் கட்டுரைக்குப் பணம் கட்டும் முன்

ஆய்வேட்டுக்கு ஒரு நாளிதழின் 2019 கட்டுரைகள் சில வேண்டும். திறந்தாலே ஆண்டுச் சந்தா கேட்கிறது. கட்டிவிடலாமா?

பொறுங்கள். உங்கள் நூலகம் புரோக்வெஸ்ட், ஃபாக்டிவா, நெக்சிஸ் யூனி போல ஏதாவது ஒரு தரவுத்தளத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருக்கக்கூடும். கூகுள் வழியாக நாளிதழின் தளத்துக்கு நேரே போனால், நீங்கள் யாரென்று அதற்குத் தெரியாது. சந்தா கேட்கத்தான் செய்யும். நூலகத் தளத்தில் உள்நுழைந்து, அங்கிருந்து தரவுத்தளத்தைத் திறந்து, தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பெரும்பாலும் எழுத்து மட்டுமே வரும். படமும் பக்க அமைப்பும் ஆய்வுக்கு வேண்டுமென்றால், பக்கங்களை அப்படியே தரும் தொகுப்பு இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். செய்தியின் தலைமாட்டில் ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி என்று பல இதழ்களுக்கும் செய்தி விற்கும் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதே செய்தி வேறொரு இதழில் இலவசமாகக் கிடைக்கலாம்.

சாட் குழுவில் ஒருவர் பல இதழ்களின் கடவுச்சொல்லை மலிவாக விற்றார். ஒரே வாரத்தில் எதுவும் திறக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைப்பது அரிது. அவருக்கு அட்டை எண்ணையும் கொடுத்திருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் வங்கியில் சொல்லி முடக்குங்கள்.

ஒரு கட்டுரைக்காக இலவசச் சோதனைச் சந்தா எடுத்தேன். செயலியை அன்றே நீக்கிவிட்டேன். ஆனாலும் முழு ஆண்டுக் கட்டணம் பிடித்துவிட்டார்கள்.

உங்கள்மீது தவறில்லை. பல இதழ்களில் சேர ஒரே பொத்தான். விலக வேண்டுமென்றால் ஐந்து பக்கம் தாண்டி, அலுவலக நேரத்தில் தொலைபேசியில் அழைக்கச் சொல்வார்கள். வேண்டுமென்றே கட்டிய சுவர் அது. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ஆப்பிள், கூகுள் பிளே வழியாக எடுத்திருந்தால் அந்தக் கடையின் ‘சந்தாக்கள்’ பகுதியில்தான் ரத்து செய்ய வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்பதும் அந்தக் கடையிடம்தான். இதழின் தளத்தில் எடுத்திருந்தால், ரத்துக் கோரிக்கையை மின்னஞ்சலில் எழுதுங்கள், தேதியோடு சாட்சி இருக்கும். மறுத்தால் அந்த மின்னஞ்சலோடு வங்கியில் முறையிடுங்கள். இனி சோதனைச் சந்தா எடுத்தால், எடுத்த கையோடு ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலானவை கெடு முடியும்வரை திறந்தே இருக்கும். மாணவர் சலுகையிலும் இதே பொறிதான்: சலுகைக் காலம் முடிந்ததும் முழு விலைக்குத் தாவும்.

செயற்கை நுண்ணறிவு தந்த பட்டியலில் பாதிக் கட்டுரைகள் எங்குமே இல்லை. எந்தச் சந்தாவில் கிடைக்கும்?

எதிலும் கிடைக்காது. அவற்றை யாரும் எழுதவே இல்லை.

அடிக்குறிப்பில் கொடுத்த இணைப்பு செத்துவிட்டது. வழிகாட்டி மூலத்தைக் கேட்கிறார்.

கூகுளின் தற்காலிகப் பிரதியைத் தேடாதீர்கள். அந்த வசதியை 2024இல் எடுத்துவிட்டார்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரியை ஒட்டுங்கள். ஒன்றும் வராவிட்டால், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள வாலை வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பகிர்வுக்காகச் சேரும் அந்த வாலால்தான் பல பக்கங்கள் அகப்படாமல் போகின்றன. இனி மேற்கோள் எடுக்கும் அன்றே அங்கே பக்கத்தைச் சேமித்து, அந்த முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1930களின் இதழ்களுக்கு ஒரு காப்பகம் பணம் கேட்கிறது. நம்பலாமா?

எந்த இதழ், எந்த ஆண்டுகள் என்ற பட்டியலைக் காட்டாவிட்டால் கட்டாதீர்கள். நான் சந்தா கட்டிய ஒன்றில், தேடிய இதழின் நடுவே சில ஆண்டுகள் காணவே காணோம். ஆஸ்திரேலிய இதழ்களுக்கு ட்ரோவ், அமெரிக்க இதழ்களுக்கு குரோனிக்லிங் அமெரிக்கா, இரண்டும் இலவசம். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும். பெயர் அகப்படாவிட்டால் ஓரிரு எழுத்தை மாற்றிப் போட்டும், தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகவும் தேடுங்கள்.